செவ்வாய்க்கிழமைச் சண்டை

சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை இசக்கிப்பாண்டி என்றால் சத்தம் போடாத மனுஷன் என்று பேர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயசில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். வேறொருத்தர் கடையில் கயிற்றுக்கட்டு சுமந்து தோள் தடித்து, கடைசியில் அந்தக் கடையையே எடுத்து நடத்துகிற அளவுக்கு ஆனார். கயிறு, பாய், முறம், துடைப்பம், கிணற்று வாளி. கயிறு கேட்டு வருகிறவனிடம் கிணற்றுக்கா மாட்டுக்கா என்று கேட்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். கடைக்குப் பின்னால் போகிற சந்தில் ஓட்டு வீடு. அவரும் அவர் சம்சாரம் பேச்சியும். ஒரே மகளை வித்துராவில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி விழுந்த சத்தம்கூட வெளியே கேட்டதில்லை. அதில் இசக்கிப்பாண்டிக்கு ஒரு கர்வம் உண்டு. யாரைப் பார்த்துக் கர்வம் என்றால், அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருந்த சகலை திரவியத்தைப் பார்த்து.

திரவியம் பேச்சியின் தங்கை மாடம்மாளைக் கட்டியவன். வீட்டில் அவளை மாடத்தி என்பார்கள். கயிற்றுக்கடைக்கு நேர் எதிரே கருப்பட்டிக்கடை வைத்திருந்தான். ஆள் சிவப்பு, சுருட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. அவன் தொட்டதெல்லாம் இசக்கிப்பாண்டிக்கு முந்தி நடக்கும். முதலில் சைக்கிள் வாங்கினவன் அவன். முதலில் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இழுத்தவன் அவன். இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாத ஒன்று அடியில் கிடந்தது. பேச்சியை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்ததே இந்தத் திரவியம்தான். பூ வைக்க நாள் பார்க்கிறவரைக்கும் பேச்சு போய், ஏதோ ஜாதகக் குறை என்று நின்றுபோனது. அதற்கப்புறம்தான் இசக்கிப்பாண்டி வந்து கட்டினார். சில வருஷம் கழித்து அதே திரவியத்துக்கு அதே வீட்டில் சின்னவளைக் கொடுத்தார்கள். அன்றைக்கு ரெண்டு வீட்டாரும் அம்மன் கோவிலில் கூடி, அந்தப் பழைய பேச்சை இனிமேல் யாரும் வாயால் எடுக்கக் கூடாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தவர்களில் இசக்கிப்பாண்டியும் ஒருத்தர்.

வாயால் எடுக்கவில்லை. மனசில் எடுக்காத நாள் கிடையாது.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவருக்கு ஆறுதல்: திரவியத்தின் வீடு ஒரு சண்டைக்காடு. மாடம்மாளும் அவள் மாமியார் உச்சிமாகாளியும் விடிந்தால் ஆரம்பிப்பார்கள். புளி கரைத்த தண்ணீரை யார் கொட்டினது என்பதில் தொடங்கி, செத்துப்போன மாமனார் வரைக்கும் போய் வருவார்கள். சத்தம் முற்றினதும் திரவியம் சட்டையை மாட்டிக்கொண்டு நழுவி, சந்து முனையில் இருக்கிற மைதீன் டீக்கடையில் வந்து உட்கார்ந்துவிடுவான். அவனைப் பார்த்து இசக்கிப்பாண்டி, “என்ன தம்பி, வீட்டுல கச்சேரியா?” என்று மெதுவாகக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் அவருக்கு அன்றைய சாப்பாடு செரித்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் திரவியம் டெலிவிஷன் வாங்கினான். அந்தச் சந்தில் முதல் டெலிவிஷன். ஓட்டுக்கு மேலே ஆண்டெனா நட்டு, நாலு தெரு பார்க்கும்படி திருப்பித் திருப்பி வைத்தான். மலையாளத்தில் நிகழ்ச்சி போட ஆரம்பித்திருந்த காலம் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சிரிப்புத் தொடர் வரும். அதற்கு நல்லதாக ஒரு பேர் உண்டு, சாலையில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைச் சண்டை என்பார்கள். ஒரு அப்பா, ஒரு அம்மா, அப்பாவைப் பெற்ற கிழவி, ஒன்றுக்கும் உதவாத மகன். ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது. கிழவி கதவைச் சாத்தினால் மருமகள் திறப்பாள். சண்டை உச்சத்துக்குப் போனதும் அந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முழிப்பார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அதை எழுதுகிறவர் ஐயப்பன் சார். சர்க்கார் ஆபீசில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சாலைக்கு வந்து, திரவியம் கடையில் கருப்பட்டி வாங்கி, மைதீன் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திரவியம் வீட்டிலிருந்து ஒரு பித்தளைக்குடம் சந்தில் உருண்டு வந்து டீக்கடை வாசலில் நின்றது. பின்னாலேயே கிழவியின் குரலும் வந்தது. ஐயப்பன் சார் குடத்தைப் பார்த்தார். சில வாரம் கழித்து டெலிவிஷனில் ஒரு குடம் உருண்டது.

அவ்வளவுதான். சாலை முழுக்க முடிவு கட்டிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறவன் திரவியம். கிழவி உச்சிமாகாளி. குடத்தை விட்டெறிந்தவள் மாடம்மாள். சுமடு தூக்குகிறவர்கள் திரவியம் கடையைத் தாண்டும்போது, “சேட்டா, இன்னைக்குக் கல்லுல இருக்கலியோ?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். கழக்கூட்டத்திலிருந்து சரக்கெடுக்க வந்தவன் ஒருத்தன் கூட வந்தவனிடம், “தோ பாரு, இதாக்கும் அந்த ஆளு” என்று விரலால் காட்டினான். திரவியம் கருப்பட்டியை உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தான். மாடம்மாள் கோவிலுக்குப் போனால் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உச்சிமாகாளி பல்லில்லாத வாயோடு வாசலில் உட்கார்ந்து, “நான் இன்னும் நல்லாத் திட்டுவேன். டெலிவிஷன்ல வாரவ பாதிதான் திட்டுதா” என்று போகிறவர் வருகிறவரிடம் குறைப்பட்டாள்.

இசக்கிப்பாண்டிக்கு உலகம் தலைகீழாகப் போனது போல இருந்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தினவரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குடம் உருட்டினவனுக்கு மரியாதை!

செவ்வாய்க்கிழமை பேச்சி தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு வாரத்தில் இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். ஒருநாள் சிரிப்பு அடங்காமல் வந்து சோறு போட்டாள்.

“அந்த ஆளு கல்லுல இருந்து முழிக்கிற முழி இருக்கே, அப்படியே நம்ம மாடத்தி வீட்டுக்காரரு முழி. பாவம் மனுஷன்.”

பாவம் மனுஷன் என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை இசக்கிப்பாண்டி பார்த்தார். அந்தச் சிரிப்பைத் தன்னைப் பார்த்து அவள் எப்போது சிரித்தாள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. சோற்றைப் பிசைந்த கை நின்றுபோனது.

“ஏ பேச்சி, நம்ம வீட்டுல ஏன் சண்டையே வர மாட்டேங்குது?”

“எதுக்குங்க வரணும்?”

“வந்தா என்ன? நமக்கு வாய் இல்லையா?”

பேச்சி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் திட்டத்தைச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கடைக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு வர வேண்டும். ஐயப்பன் சார் மைதீன் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். “உப்பில்ல”ன்னு அவர் கத்துவார். “உப்பு வேணும்னா நீரே பொங்கித் தின்னும்”னு அவள் திருப்பிக் கத்த வேண்டும்.

“உப்பு சரியாத்தானே போடுவேன்?”

“போட்டாலும் கத்தணும்.”

“அந்தச் சாரு எழுதுவாருன்னா இதெல்லாம்?” பேச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. “வேண்டாங்க. எனக்கு வராது.”

“மாடத்திக்கு வருது. அவ கூடப்பொறந்தவதானே நீ?”

சனிக்கிழமை வந்தாள். உளுந்தஞ்சோறு. இசக்கிப்பாண்டி ஒரு வாய் போட்டுவிட்டு, தெரு கேட்க, “என்னடி இது, உப்பே இல்ல!” என்று கத்தினார். பழக்கமில்லாத தொண்டை, கீச்சென்று வந்தது. பேச்சி பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, “உப்பு வேணும்னா நீங்களே பொங்கித் தின்னுங்க” என்றாள். சொல்லிவிட்டு, “தண்ணி கொண்டு வரட்டா?” என்று சேர்த்துக்கொண்டாள். ஐயப்பன் சார் தலையைத் தூக்கவே இல்லை. மைதீன் மட்டும், “அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருக்கு போல, சுக்குக் காப்பி தரட்டுமா?” என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை இசக்கிப்பாண்டி ஒரு முடிவோடு இருந்தார். பேச்சி தூக்குவாளியை வைத்ததும் அதைப் பிடுங்கி, ரோட்டைப் பார்த்து விட்டெறிந்தார். குடம் உருண்ட மாதிரி அதுவும் உருண்டு மைதீன் கடைக்குப் போகும் என்று கணக்கு. எங்கே உருண்டது? தொப்பென்று உட்கார்ந்தது. மூடி மட்டும் கழன்று ரெண்டு சுற்றுச் சுற்றி விழுந்தது. சாம்பார் அவர் கடை வாசலிலேயே வழிந்தது. பேச்சி ஓடி வந்து, “கையில சுட்டுருச்சா?” என்று அவர் விரலைப் பிடித்தாள்.

எதிரே கடைப்படியில் நின்று திரவியம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறையச் சிரிப்பு.

“அண்ணே, தூக்குவாளி உருளாது. அடி தட்டை பாருங்க. குடம்தான் தோது. அதையும் கொஞ்சம் சாய்ச்சு விடணும். மாடத்தியை வரச் சொல்லுதேன், மதினிக்குச் சொல்லிக் குடுப்பா.”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுமடுகாரர்கள் சிரித்தார்கள். பேச்சிக்கும் தன்னை மீறி உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இசக்கிப்பாண்டி அதைத்தான் பார்த்தார். மற்றவர்கள் சிரித்தது அவருக்குத் தெரியவே இல்லை.

“சிரிடி, சிரி. உன்னைப் பொண்ணு பார்க்க மொதல்ல வந்தவன்லா அவன். அவனையே கட்டியிருந்தா இன்னைக்கு டெலிவிஷன்ல வந்திருப்ப. என்னைக் கட்டி இந்தக் கயித்துல தொங்குத.”

இந்தத் தடவை தொண்டை கீச்சிடவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

திரவியத்தின் சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. அவன் கடைக்குள் போய்விட்டான். பேச்சி குனிந்து தூக்குவாளியை எடுத்தாள், மூடியைத் தேடி எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், போய்விட்டாள். மைதீன் கடையில் ஐயப்பன் சார் டீ கிளாசைக் கையில் பிடித்தபடி இசக்கிப்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அத்தனை நாள் ஏங்கின பார்வை அதுதான். இப்போது அது முகத்தில் வந்து விழுந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

வீட்டுக்குப் போனால் பேச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“சூடம் அணைச்ச கை அது” என்றாள். “இனி அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்? அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்? மாடத்தி என்னை என்ன நினைப்பா?”

இசக்கிப்பாண்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தச் சாரு கேட்டுக்கிட்டு இருந்தாரே. கேட்டதை எழுதுற மனுஷன். செவ்வாய்க்கிழமை இதையும் போட்டுட்டாருன்னா? அந்தக் கெழவி முன்னால, ஊரு முன்னால, என் தங்கச்சி அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு அப்புறம் எனக்குக் கூடப்பொறந்தவன்னு யாரு இருக்கா?”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இசக்கிப்பாண்டி வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மைதீன் அடையாளம் சொன்னார், பூஜப்புரைப் பக்கம் ஒரு வளைவில் பலா மரம் நிற்கிற வீடு. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் ஒரே பிரார்த்தனை. எழுதியிருக்கக் கூடாது. இத்தனை வாரம் எழுதணும் எழுதணும் என்று வேண்டின அதே அம்மனிடம்தான் இதையும் கேட்டார்.

வீட்டு முற்றத்திலேயே சத்தம் கேட்டது. உள்ளே ஒரு வயசான பெண்குரலும் ஒரு நடுவயசுக் குரலும் மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தன. மலையாளம்தான், ஆனால் சங்கதி புளித்தண்ணீர்ச் சங்கதி மாதிரியேதான். கூப்பிட்டுப் பார்த்தார், யாருக்கும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அங்கே துணி துவைக்கிற கல்லில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி, மடியில் காகிதம் வைத்துக்கொண்டு ஐயப்பன் சார் உட்கார்ந்திருந்தார்.

“ஆரு? கயித்துக்கடை அண்ணாச்சியோ? மெல்ல, மெல்ல. அம்மையும் மருமகளும்கூடித் தொடங்கியிருக்கு. இரிக்கணும்.”

இசக்கிப்பாண்டி உட்காரவில்லை. கல்லையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாரே, அப்போ திரவியம்?”

“எந்தத் திரவியம்?”

“கருப்பட்டிக்கடை. குடம் உருண்டுச்சே.”

“ஓ, அந்தாளோ. நல்ல கருப்பட்டி. அம்மைக்கு அது இல்லாம காப்பி இறங்காது.” ஐயப்பன் சார் வீட்டுப்பக்கம் தலையை ஆட்டினார். “குடம் இவிடெயும் உருளும் அண்ணாச்சி. எல்லாம் இந்த வீட்டுக் கதைதான். அவங்க ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை சேர்ந்திருந்து பார்த்து, ‘இது ஏது வீட்டுச் சண்டையோ’ன்னு சிரிக்கும். அதான் எனக்கு அதிசயம்.”

இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். “நேத்து நான் பேசினது… சாரு கேட்டீங்க. அதை மட்டும் எழுதிராதீங்க சாரே. கால்ல விழுந்து கேக்கேன்.”

ஐயப்பன் சார் பேனாவை மூடினார். “கேட்டேன். அதுல சிரிக்க ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எழுதமாட்டார் என்ற நிம்மதி தம்பானூர் வருகிறவரைக்கும்தான் நீடித்தது. அதற்குப் பிறகு வேறொரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. திரவியம் ஒன்றுமே இல்லை! டெலிவிஷனில் வருகிறவன் அவன் இல்லை! கருப்பட்டித் துண்டு கொடுத்ததெல்லாம் சும்மா! இதை எப்படிச் சொல்வது, யார் முன்னால் சொல்வது? நாளைக் காலையில் சுமடுகாரர்கள் கூடுகிற நேரத்தில் மைதீன் கடையில் வைத்துச் சொல்லலாம். மெதுவாகச் சொல்ல வேண்டும், டீயை ஊதிக்கொண்டே. “நேத்து சாரு வீட்டுக்குப் போயிருந்தேன். திரவியம்னு ஒரு ஆளையே தெரியாதுன்னாரு.” வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வெல்லம் மாதிரி இருந்தது.

வீட்டில் பேச்சியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னார். எழுதமாட்டாராம். பேச்சி அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, “வாங்க, மாடத்தி வீட்டுக்குப் போவோம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க” என்றாள்.

திரவியம் வீட்டு வாசலில் நின்றபோது இசக்கிப்பாண்டிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் இல்லை. டெலிவிஷன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தது. மாடம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள், அக்காவைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. திரவியம் எழுந்தான், ஆனால் பேச்சி நின்ற பக்கம் திரும்பவில்லை.

உச்சிமாகாளிதான் பாயில் இருந்தபடி பேசினாள். “வாய்யா. நல்ல காரியம் பண்ணிட்டுப் போனீரு. நேத்திலேருந்து இவ என்கூடச் சண்டைக்கே வர மாட்டேங்கா. நான் காலையில ஒரு படி பாலைக் கொட்டிப் பார்த்துட்டேன், ஒரு வார்த்தை கேக்கல. புருஷன்கிட்டயும் பேச்சில்ல. இது வீடா, சத்திரமா?”

திரவியம் கேட்டான். “சாரு வீட்டுக்குப் போனீங்களாமே அண்ணே. மைதீன் சொன்னாரு.” குரல் இறங்கியிருந்தது. “எங்களைப் பத்தி ஏதும் சொன்னாரா?”

சொல் நாக்கு நுனியில் நின்றது. திரவியம்னு ஒரு ஆளையே தெரியாதுன்னாரு. சுருட்டை முடி நரைக்கத் தொடங்கியிருந்த அந்தத் தலை அவர் எதிரே குனிந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஒரே தட்டில் ஆளைப் படுக்கப் போட்டுவிடலாம். பேச்சி அவருக்குப் பின்னால் நின்றாள். அவள் கை தூக்குவாளி பிடிப்பது போல முந்தானையைப் பிடித்திருந்தது. எதிரே அவள் தங்கை, இந்த வீட்டில் தனக்கென்று இருந்த கடைசிப் பெருமையையும் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்கிற மாதிரி நின்றாள்.

இசக்கிப்பாண்டி எச்சிலை விழுங்கினார். வெல்லம் இல்லை, வேப்பெண்ணெய்.

“உங்க வீட்டுச் சண்டையைத்தான் எழுதுதாராம்” என்றார். “உங்களை மாதிரி வீடு இந்த ஊர்லயே இல்லையாம். நான் பேசினது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னுட்டாரு. எங்க வீட்டுல சிரிக்க ஒண்ணும் இல்லையாம்.”

நிலையில் சாய்ந்திருந்த மாடம்மாள் நிமிர்ந்தாள். பிறகு உச்சிமாகாளி, “என்னைப் பத்தி என்ன சொன்னாரு? டெலிவிஷன் கெழவி திட்டு பத்தாதுன்னு சொன்னீரா?” என்று கேட்டாள்.

“ஆமா, உம்ம திட்டுக்குத்தான் ஊரு ஏங்கிக் கிடக்கு!” என்றாள் மாடம்மாள். “கொட்டின பாலுக்குக் கணக்குச் சொல்லும் முதல்ல!”

“ஏண்டி, நேத்தெல்லாம் வாய் எங்க போச்சு?”

ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே மாடம்மாள் பாயை உதறிப் போட்டு, “நீ என்னக்கா நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு” என்றாள். பேச்சி உட்கார்ந்தாள். திரவியம் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “வாங்க அண்ணே, டீ குடிப்போம்” என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சி மறுபடி தங்கை வீட்டுக்குப் போனாள். தூக்குவாளியும் கடைக்கு வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

திரவியம்தான் முன்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டான். முன்பெல்லாம் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது அவனுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கடைக்கு வருகிறவன் யாரானாலும் நிறுத்திவைத்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டுவான்.

“நான் சொல்லல. எங்க அண்ணன் சாரு வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வந்தாரு. உங்களை மாதிரி வீடு ஊர்லயே இல்லன்னு சாரே சொன்னாராம். சந்தேகம்னா அவருகிட்டக் கேளுங்க. அண்ணே, சொன்னாரா இல்லையா?”

வந்தவன் திரும்பி இசக்கிப்பாண்டியைப் பார்ப்பான். கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருக்கிற கை ஒரு நிமிஷம் நிற்கும். போட்ட முழம் மறந்துபோகும்.

“சொன்னாரு, சொன்னாரு” என்பார் இசக்கிப்பாண்டி. பிறகு கயிற்றை முதலிலிருந்து அளக்க ஆரம்பிப்பார்.